புத்தகத்துக்குப் பாரம் தெரியாது

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த தாய்மாமா ஐந்தாம் வகுப்பு. நான் எம்.ஏ. தமிழ். டீசல் வண்டியில் எப்போது கியர் மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு நான் படித்த பதில் ஒன்று, அவர் சொன்ன பதில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஏரிக்கரை மேடு இருக்கிறது. கூட்டங்களுக்கு என்னோடு வரும் தம்பி தங்கைகள் பலரும் கேட்டதால் இதை எழுதுகிறேன். காரைப் பற்றி நம் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று யாராவது நினைத்தால், ராத்திரி பதினோரு மணிக்குச் சேரியிலிருந்து ஒரு பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவர்கள் வண்டி தேடி அலைந்ததில்லை என்று அர்த்தம்.

எங்கள் காலனி ஆரணியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுச்சேலையும் அரிசியும். எங்களுக்குத் தறிக்குழியும் நெல்மண்டியும். காலனியிலிருந்து ஆரணி ரோட்டைப் பிடிக்க வேண்டுமென்றால் ஊர்த்தெரு வழியாகப் போய், ஏரிக்கரை மேட்டில் ஏறி, கரையோடு கொஞ்ச தூரம் போய் இறங்க வேண்டும். வேறு வழி கிடையாது. வாடகைக் கார்க்காரரைக் கூப்பிட்டால், காலனிப் பெயரைச் சொன்னதும் டயர் பஞ்சராகிவிடும், டிரைவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். 108 ஆம்புலன்ஸ் 2008-ல் வந்தபிறகு நிலைமை கொஞ்சம் மாறியது உண்மைதான். ஆனால் காவல் நிலையத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் 108 வராது.

2013-ல் நாங்கள் சிலர் பணம் போட்டு ஒரு பழைய டீசல் கார் வாங்கினோம். அப்போது டீசல் விலை பெட்ரோலைவிட லிட்டருக்குப் பல ரூபாய் குறைவு. 2014 அக்டோபரில்தான் டீசல் விலையையும் அரசாங்கம் கைவிட்டது. வாங்கியபோதே பத்து வருடம் ஓடிய வண்டி. ஸ்பீடு காட்டும் முள் மட்டும் வேலை செய்யும். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் செத்துப்போயிருந்தது.

யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தபோது நான் கையைத் தூக்கினேன். ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்சும் வாங்கினேன். அங்கே இருந்தது சின்னப் பெட்ரோல் கார். சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். நான் தப்பாக மிதித்தால் அவர் சரியாக மிதித்துவிடுவார். அதனால் என் கால் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு மட்டையில் எழுதி மனப்பாடம் செய்தேன்: நகர்ந்ததும் செகண்ட், இருபத்தைந்தில் தேர்டு, நாற்பதில் ஃபோர்த், அறுபதில் டாப். நூற்பா மாதிரி ஒப்பிப்பேன்.

முதல் நாளே ஏரிக்கரை மேட்டில் வண்டி நின்றது. உள்ளே என்னோடு ஆறு பேர். ஊர்த்தெருவில் நேராக வந்து, முள் இருபத்தைந்தைத் தொட்டதும் மட்டையில் எழுதியபடி தேர்டு போட்டேன். அதற்குள் மேடு வந்துவிட்டது. வண்டி உடம்பெல்லாம் நடுங்கி, டக டக டகவென்று அடித்து, கறுப்பாகப் புகையைத் தள்ளி, பாதி மேட்டில் நின்றுபோனது. பிரேக்கை விட்டால் பின்னால் போகிறது. கிளட்சை விட்டால் குதித்து அணைந்துபோகிறது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து நின்றார்கள். "காலனி காரு நின்னுபோச்சு டோய்" என்றான் ஒருத்தன். "எம்.ஏ. படிச்சிட்டா போதுமா, மோடு ஏறணுமில்ல" என்றான் இன்னொருத்தன். தள்ளிவிட ஒருத்தரும் வரவில்லை. வண்டியிலிருந்தவர்கள் இறங்கித் தள்ளி ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். பெண் ஓட்டியதற்கு ஒரு சிரிப்பு, சேரிக்காரி ஓட்டியதற்கு ஒரு சிரிப்பு. இரண்டும் சேர்ந்த சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் விடியக்காலையில் மாமா வந்தார். "சாவியக் குடு. நீ வா, குந்து."

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து வயதில் அவரைத் தறியில் விட்டார்கள். தாத்தா வாங்கிய முன்பணம்தான் காரணம். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று நெய்கிற கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. நெய்கிறவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கை வேண்டும், கரைப் பக்கத்து நாடாவைத் தள்ள. அந்தச் சின்னக் கை என் மாமாவுடையது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்தாயிற்று. மாமா தறிக்குழியில் இறங்கியது அதற்கப்புறம் எட்டு வருடம் கழித்து. தறியிலிருந்து தப்பித்து அரிசி லாரிக்கு கிளீனராகப் போனார். டிரைவர்கள் தூக்கம் வந்தால் நடுராத்திரி வெறும் ரோட்டில் இவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். அப்படித்தான் கற்றுக்கொண்டார். அப்புறம் பல வருடம் ஒரு பட்டு வியாபாரியின் சொந்தக் காரை ஓட்டினார். டீசல் அம்பாசிடர், நாலு கியர், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர்க் கம்பி. 2014-ல் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் அந்த வண்டியைச் செய்வதையே நிறுத்தினார்கள் என்ற செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது, மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அன்று ஏரிக்கரையில் அவர் கேட்ட முதல் கேள்வி: "நேத்து எந்த கியர்ல ஏறினே?"

"தேர்டு, மாமா. இருபத்தஞ்சுல தேர்டுன்னு சொல்லிக்குடுத்தாங்க."

"இருபத்தஞ்சுல தேர்டு. செரி. உள்ள எத்தினி பேர் குந்திக்கினு கீறாங்கன்னு அந்தப் புக்குக்குத் தெரியுமா? மோடு எவ்ளோ ஒசரம்னு தெரியுமா? புக்குக்குப் பாரம் தெரியாது பாப்பா. வண்டிக்குத் தெரியும். அதக் கேளு."

பிறகு ஒரு மணி நேரம் எனக்கு டீசல் இன்ஜினைப் பற்றிப் பாடம் நடந்தது. பெட்ரோல் இன்ஜினில் பொறி வைத்துப் பற்றவைக்கிறார்கள். டீசலில் பொறி கிடையாது. காற்றை நசுக்கி நசுக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும்படி விடுகிறார்கள். அந்த நசுக்கலைத் தாங்க உள்ளே எல்லாம் கனமான இரும்பு. அதனால் டீசலுக்குக் கீழ்ச்சுற்றில்தான் பலம். நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்று வரை நல்ல இழுவை இருக்கும். அதற்கு மேலே கத்தவிட்டால் சத்தம் கூடும், டீசல் குடிக்கும், வேகம் அந்த அளவுக்குக் கூடாது. "பெட்ரோலு சின்னப் பையன் மாதிரி, கத்திக்கினே ஓடுவான். டீசலு எருமைக்கடா. கத்தவுடாத, இழுக்கவுடு" என்றார். ஆகவே சமதரையில் டீசல் வண்டிக்கு மேல் கியரைச் சீக்கிரமே போட்டுவிடலாம். ஃபர்ஸ்ட் என்பது வண்டியை அசைப்பதற்கு மட்டும். ஒரு வண்டி நீளம் போனதும் செகண்ட். சத்தம் மெல்லியதிலிருந்து கெட்டியாகி, இனிமேல் கத்தப்போகிறது என்கிற இடத்துக்குச் சற்று முன்னால் அடுத்த கியர்.

சீக்கிரம் என்றால் எவ்வளவு சீக்கிரம்? நேற்று நான் செய்தது அந்தத் தப்புதான். ஆக்சிலேட்டரை மிதிக்கிறோம், வேகம் கூடவில்லை, சத்தம் அடியிலிருந்து வருகிறது, கியர்க் கம்பி நடுங்குகிறது, பின்னால் கறுப்புப் புகை. வண்டி முக்குகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் இன்னும் மிதித்தால் உள்ளே பேரிங்கும் கிராங்கும் அடி வாங்கும். காலை எடுத்து ஒரு கியர் கீழே வர வேண்டும். கீழே வரும்போது ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டு இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு கிளட்சை விட்டால் குதிக்காது. மேலே போகும்போது அதற்கு நேர்மாறு. டீசலில் சுற்று இறங்குவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவசரப்படாமல் ஒரு மூச்சு விட்டுப் போட வேண்டும்.

மேட்டில் அந்த ஒரு மூச்சுதான் ஆபத்து. கிளட்சை மிதித்த நொடியில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தம் அறுந்துபோகிறது. சமதரையில் வண்டி அந்த நொடியில் உருண்டுகொண்டிருக்கும். மேட்டில் வேகம் செத்துவிடும். "ஏத்தத்துல மாத்தாத. ஏத்தம் வர்றதுக்கு முன்னாடி மாத்து. நின்னப்புறம் மாத்தி இன்னா பிரயோஜனம்?" செகண்டுக்கு முன்னாலேயே வந்து, வேகத்தோடு மேட்டுக்குள் போக வேண்டும். ஒருவேளை நின்றுவிட்டால் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஃபர்ஸ்டில் கிளட்சை மெதுவாக விட வேண்டும். வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், சத்தம் அமுங்கும். அப்போது ஆக்சிலேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். டீசலுக்குக் கீழே பலம் இருப்பதால் பயப்படாமல் செய்யலாம்.

முப்பது தடவை அந்த மேட்டில் நிறுத்தி நிறுத்தி ஏற்றினேன். காலுக்குப் பிடிபடாமல் தவித்தபோது மாமா சொன்னார்: "தறியில கால் மிதியும் கை நாடாவும் சேந்து போகணும். ஒண்ணு முந்தினா நூலு அறும். எனக்கு அஞ்சாறு மாசம் ஆச்சு. அடி வாங்கி வாங்கித்தான் கத்துக்கினேன். நீ அடி வாங்கவேணாம். இன்னொருக்கா ஏத்து." அவர் என்னைத் திட்டவேயில்லை. ஏன் திட்டவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

எம்.ஏ. படித்த காலத்தில் அகநானூற்றின் நான்காம் பாட்டை எங்களுக்கு நடத்தினார்கள். குறுங்குடி மருதனார் பாடியது. கார்காலத்தில் திரும்பி வரும் தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் மிரளக்கூடாது என்று தேரின் மணிநாக்குகளைக் கட்டிவிட்டு வருகிறான். எவ்வளவு மென்மையான நெஞ்சு என்று பேராசிரியர் உருகினார், நானும் உருகினேன். இப்போது படித்தால் வேறு கேள்வி வருகிறது. அந்த நாக்குகளை இறங்கிக் கட்டியது யார் கை? தேரை ஓட்டியவன் பாகன். அகப்பாட்டில் யாருக்கும் பேர் சொல்லக்கூடாது என்பது மரபு, தலைவனுக்கும் பேர் கிடையாது, சரி. ஆனால் ஈரமண்ணில் சக்கரம் புதையாமல் எப்படிக் கொண்டுபோவது, எந்த மேட்டுக்கு முன்னால் குதிரையை முடுக்குவது, எங்கே இழுத்துப் பிடிப்பது என்ற பாகனின் அறிவைப் பற்றி அந்தப் பாட்டில் ஒரு சொல் இல்லை. தேர் வந்தது, புகழ் தலைவனுக்கு. என் மாமா பட்டு வியாபாரியைக் காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் பல வருடம் கொண்டுபோனார். பின்சீட்டில் தூங்கும் முதலாளி விழித்துக்கொள்ளாமல் கியர் மாற்றுவதுதான் அவர் வேலைக்குப் பரீட்சை. "நல்ல வண்டி" என்றுதான் முதலாளி சொல்வாராம்.

சரி, இவ்வளவு தெரிந்தவர் ஏன் சொந்தமாக ஒரு டாக்சி வைத்துக்கொள்ளவில்லை? வைக்க ஆசைப்பட்டார். 2014-ல் பழைய வண்டி ஒன்றுக்கு முன்பணம் சேர்த்து, வாடகை வண்டி ஓட்டும் லைசென்சுக்கு விண்ணப்பிக்கப் போனார். எட்டாவது சர்டிபிகேட் கேட்டார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 8-ஆம் விதி என்று ஒன்று இருந்தது. போக்குவரத்து வாகனம் ஓட்ட லைசென்சு வேண்டுமானால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். முதலாளியின் சொந்தக் காரை ஓட்ட எந்த வகுப்பும் வேண்டாம். அதாவது இருபது வருடம் அடுத்தவன் காரை ஓட்டலாம், தன் வயிற்றுக்காகத் தன் டாக்சியை ஓட்ட முடியாது. பத்து வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து பிடுங்கித் தறிக்குழியில் இறக்கியவர்களை யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை. குழியிலிருந்து ஏறி வந்தவனைக் கேட்டார்கள். நான் விதியின் நகலை எடுத்துப் படித்துக் காட்டியபோது மாமா ஒன்றுதான் சொன்னார்: "இதுவும் புக்குதான் பாப்பா."

எழுதப் படிக்கத் தெரியாதவன் சாலைப் பலகையை எப்படிப் படிப்பான், விபத்து நடக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு ஓட்டிக் காட்டச் சொல்லிச் சோதிக்கலாம், பலகையைக் காட்டிக் கேட்கலாம். சர்டிபிகேட்டைக் கேட்பது சோதனை அல்ல, வாசலிலேயே திருப்பி அனுப்புவது. 2019-ல் மத்திய அரசே அந்த விதியை நீக்கியது. கிராமப்புறங்களில் படிக்காத, ஆனால் திறமையுள்ள எத்தனையோ பேருக்கு வேலை கிடைக்கும் என்று அப்போது காரணம் சொன்னார்கள். அந்தத் திறமை அதற்கு முன்னாலும் இருந்தது.

மலைப்பாடம் எனக்கு 2015 ஏப்ரலில் கிடைத்தது. அந்த மாதம் 7-ஆம் தேதி ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பலர் எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள், அவர்களில் ஜவ்வாது மலைப் பழங்குடிகளும் உண்டு. சிலரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் சாட்சியம் சொன்னார்கள். வீடுகளுக்குப் போய் விசாரிக்க நண்பர்களை ஏற்றிக்கொண்டு போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறினோம். நான் ஓட்டினேன், மாமா பக்கத்தில். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாலேயே கீழ்க் கியர், வளைவுக்குள் கிளட்சில் கால் கூடாது, வெளியே வந்து இழுவை தெரிந்தபிறகு மேல் கியர். ஏறும்போது எல்லாம் சரியாகவே நடந்தது.

அந்த வீடுகளில் கண்டதை அப்போதே அறிக்கையாக எழுதிக் கொடுத்துவிட்டோம், இங்கே திரும்ப எழுதவில்லை. இறங்கும்போது இருட்டிவிட்டது. எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. சீக்கிரம் கீழே போய்விட வேண்டும் என்று டாப்பில் போட்டு, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வந்தேன். நாலாவது வளைவில் பிரேக் கருகுகிற வாசனை வந்தது. மாமா சத்தம் போடாமல் சொன்னார்: "எந்த கியர்ல ஏறினியோ அந்த கியர்ல எறங்கு. இன்ஜினு புடிச்சிக்கும். பிரேக்க மிச்சம் வை, வேணும்போது வேணும்." ஃபோர்த், தேர்டு, செகண்ட் என்று ஒவ்வொன்றாக இறக்கினேன். இன்ஜின் உறுமி வண்டியைப் பிடித்துக்கொண்டது. டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி விட்டால் வண்டியைப் பிடிக்க இன்ஜின் இல்லை. இன்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் போய்விடும். மிதித்தாலும் கல் மாதிரி நிற்கும். நண்பர்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாம் உயிரோடு திரும்பி வந்தால்தான் அறிக்கை எழுத முடியும்.

இன்னும் இரண்டு மூன்று விஷயம். கிளட்சின்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள், தேய்ந்துவிடும். கியர்க் கம்பியின்மேல் கையை வைத்து ஓய்வெடுக்காதீர்கள். டர்போ வைத்த டீசல் வண்டி கீழ்ச்சுற்றில் மந்தமாக இருந்து, திடீரென்று இழுக்கும். அந்த இழுவை விழுந்துவிடாதபடி கியர் வைத்துக்கொள்ள வேண்டும். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபோது மாருதி டீசல் கார் விற்பதையே நிறுத்திவிட்டது, கியர் தானே மாறும் வண்டிகளும் வந்துவிட்டன. ஆனால் நம் கைக்கு வருவது இன்னும் பல வருடத்துக்குப் பழைய டீசல் வண்டிதான். வசதி எப்போதும் நமக்குக் கடைசியாகத்தான் வரும். அதுவரை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

விதி போன பிறகு மாமா விண்ணப்பித்து, நாற்பத்தாறு வயதில் லைசென்சு வாங்கினார். 2020-ல், கொரோனா ஊரடங்கில் டாக்சிகள் எல்லாம் நின்றுகிடந்த வருடத்தில். சேர்த்த முன்பணம் அதற்குள் மகள் கல்யாணத்தில் கரைந்திருந்தது. லைசென்சை என்னிடம் காட்டி, "எட்டாவது பாஸ் பண்ணிட்டேன் பாப்பா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது கண்ணில் புரை விழுந்து ராத்திரியில் ஓட்டுவதில்லை. சொந்த டாக்சி கடைசிவரை வரவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைக்கு வருகிறார். எங்கள் பழைய வண்டியை மேட்டில் நிறுத்தி, காலனிப் பெண்பிள்ளைகளுக்கு நானும் அவரும் கற்றுக்கொடுக்கிறோம். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதும் திரும்பிப் பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் நடுமேட்டில் நிறுத்திவிட்டாள். யாரோ சிரித்தார்கள். அவள் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஃபர்ஸ்டுக்கு வந்து, மூக்குத் தூக்கும்வரை பொறுத்து ஏற்றினாள். மாமா பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார், எதுவும் சொல்லவில்லை.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் எல்.எல்.ஆர். எடுத்துக்கொண்டு வரலாம். எட்டாவது பாஸ் செய்திருக்க வேண்டியதில்லை.